நிழற்படங்களுக்கு ஒரு சேமக்கலம்

புனே நகரின் தென்கிழக்கில் உள்ளது வானவடி. மராட்டியப் பெருவீரர் மகாதஜி சிந்தே 1794ஆம் ஆண்டில் உயிர் நீத்த இடம் அதுவே. அவர் நினைவாக எழுந்த சிந்தே சத்திரியைக் காணச் செல்லும் நம்மவரில் கேமரா இல்லாதவர் அரியர். காலை வெயில் முகப்பின் செதுக்கு வேலையில் படும் வேளையில் சென்று நாமும் படம் எடுக்கிறோம். வீடு திரும்பியதும் ஒரு கேள்வி எழுகிறது: எடுத்தவற்றை எங்கே வைப்பது?

கேள்வி சிறிதன்று. இரண்டு கோடியே நாற்பது இலட்சம் புள்ளிகள் கொண்ட கேமரா, சுருக்கம் செய்யாத ‘ரா’ கோப்பாக ஒரு படத்தை எழுதினால், அது ஏறத்தாழ 42 மெகாபைட் இடத்தை அடைக்கும். ஆயிரம் படம் எடுத்தால் 42 கிகாபைட். ஒரு திருமணம் எடுப்பவர் இரண்டு நாளில் இதைப்போல் மும்மடங்கு எடுத்து விடுவார். கணினியின் உள்ளிடம் இதற்குப் போதாது. ஆகவே வெளியே இணைக்கும் எஸ்.எஸ்.டி. ஒன்றை நாடுகிறோம்.

பழைய ஹார்ட் டிஸ்கில் தட்டு ஒன்று சுழல, அதன்மேல் ஊசி போன்றதொரு முனை ஓடிப் படிக்கும். எஸ்.எஸ்.டி.யில் ஓடுவதும் சுழல்வதும் இல்லை. மிக நுண்ணிய அறைகளில் மின்னேற்றத்தை அடைத்து வைப்பதே அதன் இரகசியம். தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஜப்பானியர் புஜியோ மசுவோகா 1980களில் வகுத்த ஃப்ளாஷ் முறை இது. கைதவறி விழுந்தாலும், பையில் குலுங்கினாலும், ஹார்ட் டிஸ்கைப் போல் எளிதில் கெடாது. வெளியூர் சென்று படம் எடுப்போர்க்கு இந்த ஒரு குணமே போதும்.

கடைக்குச் சென்றால் முதலில் நம் கண்ணில் படுவது வேகம். பெட்டியின்மேல் ‘விநாடிக்கு 2,000 மெகாபைட்’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பர். இதற்கு மயங்க வேண்டாம் என்பது நம் கருத்து. அவ்வேகத்திற்கு 20 கிகாபிட் யு.எஸ்.பி. இணைப்பு வேண்டும், அது பல கணினிகளில் இல்லை. இல்லாதவிடத்து, பாதி வேகத்திலோ அதனினும் குறைந்தோ இயங்கும். அது மட்டுமன்று. படம் வருவது மெமரி கார்டிலிருந்து அல்லவா? யு.எச்.எஸ்.-1 வகைக் கார்டு விநாடிக்கு நூறு மெகாபைட் அளவே தரவல்லது. நமது ஆயிரம் படங்களும் வந்து சேர ஏழு நிமிடம் ஆகும். எஸ்.எஸ்.டி. பத்து மடங்கு விரைவானதாயினும் அந்த ஏழு நிமிடம் குறையாது. ஊற்று மெல்லச் சுரக்கும் கிணற்றில் பெரிய வாளியை விட்டுப் பயன் என்ன? ஆயினும் எஸ்.எஸ்.டி.யில் வைத்தபடியே படங்களைத் திருத்துவோர்க்கு வேகம் உதவும். அவர்கட்கும் 10 கிகாபிட் இணைப்புப் போதுமானது.

பெட்டியின்மேல் பெரும்பாலும் அச்சிடாதது ஒன்றுண்டு; கவனிக்க வேண்டியது அதுவே. ஓர் அறையில் மூன்று பிட் வைப்பது டி.எல்.சி.; நான்கு பிட் வைப்பது கியூ.எல்.சி. முன்னதில் மின்னேற்றத்தின் எட்டு நிலைகளையும், பின்னதில் பதினாறு நிலைகளையும் பிரித்தறிய வேண்டும். ஆகவே பின்னது விலை மலிவு, ஆயுள் குறைவு. முதலில் விரைவாக எழுதுவதுபோல் தோன்றி, தற்காலிக இடம் நிரம்பியதும் ஹார்ட் டிஸ்கினும் மந்தமாகி விடுவதும் உண்டு. பெருந்தொகுதியாகப் படம் மாற்றுவோர் டி.எல்.சி. எனத் தெளிவாகக் குறித்ததையே வாங்குக.

நம்பவியலாத மலிவு விலைக்கு 16 டெராபைட் என விற்கும் பெட்டிகளும் சந்தையில் உலவுகின்றன. உள்ளே சிறு மெமரி கார்டு ஒன்றே இருக்கும். நிறைந்தபின் வரும் படங்கள் பழையவற்றின்மேல் எழுதப்பட்டு இரண்டும் பாழாகும். வாங்கியவுடன் முழுக் கொள்ளளவும் எழுதிப் படித்துச் சோதிக்கும் நிரல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு டெராபைட் பெட்டி விண்டோஸ் கணினியில் 931 என்று காட்டுவது மட்டும் மோசடியன்று. எண்ணும் முறை வேறு, அவ்வளவே.

இனி, நமக்கு மிகுந்த கவலை தரும் செய்திக்கு வருவோம். அறைகளில் அடைத்த மின்னேற்றம் மெல்ல மெல்லக் கசியும். எழுதும் ஆயுள் தீர்ந்த எஸ்.எஸ்.டி., 30 பாகை வெப்பத்தில், மின்சாரமின்றி ஓராண்டு தாங்கினால் போதும் என்பதே தொழில்துறையின் தரவிதி. புதியது இதனினும் நெடுங்காலம் காக்கும். ஆயினும் வெப்பம் ஏற ஏற அக்காலம் குறையும். மே மாத வெயிலில் மூடிய காருக்குள் அதை விட்டு வருவது தகாது. மகளின் திருமணப் படங்களை எஸ்.எஸ்.டி.யில் இட்டு, பீரோவில் பூட்டிப் பத்தாண்டு மறந்திருப்பதும் தகாது. தவிர, அதிலிருந்து அழித்த கோப்பை மீட்பது ஹார்ட் டிஸ்கில் மீட்பதைவிட அரிது.

இதே புனேயில், 2003 ஜனவரியில், பழைய பிரபாத் ஸ்டூடியோ வளாகத்துக் கிடங்கில் தீப்பிடித்து, தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் நைட்ரேட் சுருள்கள் பல எரிந்து சாம்பலாயின. வேறிடத்தில் மறுபிரதி இல்லாத எதற்கும் அத்தகைய ஒரு தீயே போதும். அமெரிக்க நிழற்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரப்பிய கணக்கு இங்கு உதவும்: பிரதி மூன்று, சாதன வகை இரண்டு, அவற்றுள் ஒன்று வேறு இடத்தில். வேலைக்கு எஸ்.எஸ்.டி.; சேமிப்புக்கு, விலை குறைந்த ஹார்ட் டிஸ்க்; மூன்றாவது, ஊரிலுள்ள அண்ணன் வீட்டிலோ இணையக் கிடங்கிலோ இருக்கட்டும். இரு பிரதிகளைத் திறந்து பார்த்துச் சரியென்று காணும்வரை மெமரி கார்டை அழிக்கலாகாது. எஸ்.எஸ்.டி.யைக் கழற்றுமுன் கணினிக்கு உரிய கட்டளை தருக. சில மாதங்களுக்கு ஒரு முறை அதை இணைத்து, நான்கைந்து பழைய படங்களையேனும் திறந்து பார்ப்பது நம் வழக்கம். சத்திரியின் முகப்பையும் அப்போது மறுபடி காண்கிறோம்.