ஈயின் கண்ணுக்குள் ஒரு கொழுப்பு!

கொடைக்கானல் மலையின் கீழ்ப்பகுதியில் இருக்கிறது பெரும்பாறை. காபியும் மலைவாழையும் விளையும் ஊர். மலைவாழைத் தார் ஒன்றை வீட்டில் தொங்கவிட்டுப் பாருங்கள். பழம் கனிந்ததும் எங்கிருந்தோ பொடி ஈக்கள் வந்து மொய்க்கும். நீளம் 3 மில்லி மீட்டர்கூட இருக்காது. கண் மட்டும் செக்கச்செவேல் என்றிருக்கும். இதுதான் டிரோசோபிலா. (மாங்காயைத் துளைத்துப் பாழாக்கும் பழ ஈ வேறு, குட்டீஸ்! அந்தப் பழியை இதன்மேல் போடாதீர்கள்.)

நாம் விரட்டும் இந்த ஈயை, பெங்களூருவில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் கூழ் ஊற்றி வளர்க்கிறார்கள். மக்காச்சோள மாவு, ஈஸ்ட், சர்க்கரை கலந்த கூழ். முட்டை பத்தே நாளில் ஈயாகிவிடும். அங்கே விஞ்ஞானி ரகு படிஞ்ஞாட்டின் குழு, ஈயின் கண்ணில் உள்ள ஒரு கொழுப்பை ஆராய்கிறது.

கண்ணில் கொழுப்பா? ஆமாம். ஆனால் இது நெய், எண்ணெய் போலச் சேமித்து வைக்கும் கொழுப்பு அல்ல; சேதி சொல்லும் கொழுப்பு. செல்லின் மேலுறையில் துளியூண்டுதான் இருக்கும். பெயர் 'பிப்-2'.

வெளிச்சம் பட்டதும் ஒரு நொதி இந்தக் கொழுப்பை இரண்டாக வெட்டுகிறது. உடனே மேலுறையில் உள்ள குட்டிக் கதவுகள் திறந்து, கால்சியம் உள்ளே பாய்கிறது. 'வெளிச்சம்!' என்று மூளைக்குச் சேதி போகிறது. கண்ணிமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

சரி, வெட்டிக்கொண்டே இருந்தால் கொழுப்பு தீர்ந்துவிடாதா? அங்கேதான் விஷயமே இருக்கிறது. வெட்டிய துண்டுகள் பல படிகளைக் கடந்து மறுபடியும் பிப்-2 ஆகின்றன. அதற்கான மூலப்பொருள் செல்லின் உள்ளே தயாராகிறது. அதை மேலுறைக்குச் சுமந்து வருவது 'ஆர்.டி.ஜி.பி.' என்ற புரதம். சுமை தூக்கும் தொழிலாளி என்று வைத்துக்கொள்ளுங்களேன்! உள்சவ்வும் மேலுறையும் ஒட்டினாற்போல் இருக்கும் குறுகிய சந்துதான் அதற்கு வேலை செய்யும் இடம்.

இந்தப் புரதம் இல்லாத ஈக்களும் உண்டு. அவற்றை வெளிச்சத்தில் வளர்த்தால் கண் செல்கள் சிதைந்து, பார்வை போய்விடும். இருட்டில் வளர்த்தாலோ, சிதைவு வெகுவாகக் குறைந்துவிடும். வெட்டு குறைவு, செலவும் குறைவு!

நம் உடலிலும் பிப்-2 இருக்கிறது. அதைக் கையாளும் ஒரு நொதி பழுதாகிவிட்டால் 'லோவ்' என்ற அரிய நோய் வரும். பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்குத்தான். பிறக்கும்போதே கண்புரை இருக்கும். மூளையும் சிறுநீரகமும்கூடப் பாதிக்கப்படும். முழுதாகக் குணப்படுத்த மருந்து இல்லை. அந்த நொதிக்கான மரபணு ஈயிடமும் உண்டு. ஈக்குச் சிறுநீரகம் கிடையாது. ஆனால், உடல் திரவத்தை வடிகட்டும் செல்கள் இருக்கின்றன. பெங்களூரு குழு இந்த நொதியையும் ஈயில் வைத்து ஆராய்ந்து வருகிறது.