நீங்க ரயில்ல இருக்கும்போது உங்க கடைல யார் முடிவெடுப்பாங்க?

பிசினஸ் விஷயமா வெளியூர் போறப்போ வேலை கெடாம எப்படிப் பார்த்துக்கிறதுன்னு தேடினா, பவர் பேங்க் வாங்கு, நல்ல ஹெட்போன் வாங்குன்னுதான் பதில் வரும். சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவங்களுக்கு அது போதும். சின்னதா ஒரு யூனிட் நடத்துறவங்க கவலையே வேற: நாம இல்லாத ரெண்டு நாள்ல அங்க வேலை நின்னுடக் கூடாது.

நான் சென்னைல காலேஜ் விழாக்களுக்கு டி-ஷர்ட் பிரிண்ட் பண்ணித் தர்றேன். டேபிள்ல ரெண்டு தம்பிங்க, பேக்கிங்குக்கு ஒரு அக்கா. வெறும் டி-ஷர்ட் வாங்க திருப்பூர் போவேன். இந்தத் தொழில்ல ஒரு கொடூரம் உண்டு. விழா முடிஞ்ச மறுநாள் போய்ச் சேர்ற டி-ஷர்ட்டை யாரும் வாங்க மாட்டாங்க, மீதிப் பணமும் வராது. அந்தப் பணத்துலதான் மூணு பேர் சம்பளம்.

ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸ்ல ஏறினா விடியறதுக்குள்ள திருப்பூர். ஜோலார்பேட்டை தாண்டினா என் போன்ல சிக்னல் வரும், போகும். அதனால கிளம்பறதுக்கு முதல் நாள் அக்காகிட்ட ஒரு விஷயம் தெளிவாச் சொல்லிடுவேன்: 3,000 ரூபாய்க்குள்ள எதுவா இருந்தாலும் என்னைக் கேட்க வேண்டாம், வாங்குங்க, பில் மட்டும் வைங்க. அந்தப் பணம் தனியா ஒரு யுபிஐ கணக்குல இருக்கும். ஒரு தடவை நான் ரயில்ல தூங்கிட்டிருந்தப்போ ராத்திரி ஷிஃப்ட்ல வெள்ளை இங்க் தீர்ந்துடுச்சு. காலைல கடை திறந்ததும் 2,800 ரூபாய்க்கு வாங்கி, அக்கா வேலையை ஓட்டிட்டாங்க. மதியம் நான் போன் பண்ணப்போதான் எனக்கே தெரியும். "கேட்டா நீங்க விலை பேசச் சொல்லியிருப்பீங்க தம்பி"ன்னாங்க. உண்மைதான்!

பெரிய தொகைன்னா ஓடிபிதான் தலைவலி. அது உங்க போனுக்குத்தான் வரும். நிறைய பேங்க்ல கரன்ட் அக்கவுன்ட்டுக்கு ரெண்டு பேரைச் சேர்த்து, ஒருத்தர் பேமென்ட்டைத் தயார் பண்ண, இன்னொருத்தர் அப்ரூவ் பண்ற வசதி உண்டு. கேட்டு வாங்குங்க. அப்புறம் தேதி. மாசாமாசம் ஜிஎஸ்டி தாக்கல் பண்றவங்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 11-ஆம் தேதி, 3பி 20-ஆம் தேதி. அங்கயும் ஓடிபி. 3பி தாமதமானா ஒரு நாளைக்கு 50 ரூபாய் அபராதம், வட்டி தனி. அந்த நாட்களை ஒட்டி நான் டிக்கெட் போடறதே இல்ல. (ஏசி டிக்கெட் புக் பண்றப்போ உங்க ஜிஎஸ்டி நம்பரையும் போடுங்க. அந்த 5% வரிக்கு இன்புட் கிரெடிட் எடுக்கலாம்.)

திருப்பூர்ல இறங்கினா காதர்பேட்டை. அங்க லேப்டாப்பைத் திறக்கவே மாட்டேன். கண்ணும் கையும்தான் வேலை. பழைய லாட்ல இருந்து ஒரு துண்டுத் துணி பைல இருக்கும். ஒரே கறுப்புன்னு சொல்வாங்க, ஆனா ஒவ்வொரு சாய லாட்டுக்கும் ஷேடு கொஞ்சம் மாறும். கடை டியூப் லைட்ல ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும். வாசல்ல வெயிலுக்குக் கொண்டுவந்து பக்கத்துல வச்சுப் பார்ப்பேன். 180 ஜிஎஸ்எம்னு சொன்னா, சின்ன தராசு கேட்டு எடை போடச் சொல்வேன். அண்ணாச்சிங்க சிரிப்பாங்க, பரவாயில்ல.

ஒரு கடையை விட்டு வெளிய வந்ததும், அடுத்த கடைக்குப் போறதுக்குள்ள எனக்கு நானே ஒரு வாய்ஸ் நோட்: ரேட், லாட், எப்ப டெலிவரி. நாலு கடை ஏறி இறங்கினா யார் 142 சொன்னாங்க, யார் 148 சொன்னாங்கன்னு குழம்பிடும். கடைக்காரர் கார்டு மேல துணித்துண்டை வச்சு ஒரு போட்டோவும் எடுத்துடுவேன்.

திரும்பி வர்றப்போ பகல் வண்டி. காலைல 6 மணிக்குக் கோவைல கிளம்பற வந்தே பாரத் திருப்பூர்லயும் நிக்கும், மதியத்துக்குள்ள சென்னை. அந்த நேரத்துல மெயில் பார்க்க மாட்டேன். நெட் தேவைப்படாத ஒரே வேலை, இந்த வாய்ஸ் நோட்டைக் கேட்டுக் கேட்டு விலைப் பட்டியல் போடறது. சென்ட்ரல்ல இறங்கறப்போ அது முடிஞ்சிருக்கும். ஆர்டரை அன்னிக்கு சாயந்திரமே போன்ல சொல்லிடுவேன்.

அடுத்த எபிசோட்ல அட்வான்ஸ் வாங்காம ஆர்டர் எடுக்கிறதைப் பத்திப் பேசலாம்.