ஜபமாலை உருட்டிய ஒற்றர்

ஜபமாலையில் எத்தனை மணிகள் இருக்கும்? உங்கள் பாட்டியைக் கேட்டால் 108 என்று உடனே சொல்லிவிடுவார். ஆனால் 1865-ம் ஆண்டு நேபாளத்திலிருந்து திபெத்துக்குள் நுழைந்த ஒரு வணிகரின் மாலையில் 100 மணிகள்தான் இருந்தன. எவரேனும் உட்கார்ந்து எண்ணிப் பார்த்திருந்தால் அவர் உயிருக்கே ஆபத்து வந்திருக்கும்!

உண்மையில் அவர் வணிகரே அல்ல. பெயர் நயின் சிங். இமயமலையில், குமாவுன் பகுதியிலுள்ள மிலம் என்ற ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். இந்திய சர்வே இலாகா அனுப்பிய ஒற்றர்.

இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளக்கும் பெரும்பணி 1802-ல் நமது பரங்கிமலை அருகேதான் தொடங்கியது. அது வடக்கே வளர்ந்து இமயமலை வரை போய் நின்றுவிட்டது. மலைக்கு அப்பால் திபெத். அந்நியர் அங்கே நுழையத் தடை. ருஷ்யா தெற்கு நோக்கி வந்துவிடுமோ என்று பிரிட்டிஷாருக்குக் கவலை. படத்திலோ அந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. மலைவாசிகளையே பயிற்றுவித்து அனுப்பலாம் என்று யோசனை சொன்னவர் காப்டன் மான்ட்கோமரி.

டேராடூனில் நயின் சிங் நடக்கக் கற்றார். ஆம், நடக்கத்தான்! ஏற்றமோ இறக்கமோ, ஒவ்வொரு காலடியும் ஒரே நீளமாக இருக்க வேண்டும். 2,000 காலடி ஒரு மைல். 100 காலடிக்கு ஒரு மணியைத் தள்ளினால், மாலை ஒரு சுற்று வரும்போது 10,000 காலடி; அதாவது 5 மைல். எட்டு மணிகளைக் கழற்றிய காரணம் புரிகிறதல்லவா? கையில் சுழலும் பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் மந்திரச் சுருள் இல்லை. அன்றன்றைய அளவுக் குறிப்புகள் இருந்தன.

உயரத்தை எப்படி அளந்தார்? மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது. ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் நீரின் கொதிநிலையும் இறங்குகிறது. கடல் மட்டத்தில் 100 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கும் நீர், லாசாவில் சுமார் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஒரு வெப்பமானியும் கொதிக்கும் நீரும் போதும்.

அட்சரேகைக்கு நட்சத்திரத்தின் கோணம் வேண்டும். மலைகளுக்கு நடுவே தொடுவானம் ஏது? சோழிகளுக்குள் அடைத்துக் கொண்டுபோன பாதரசத்தைக் கிண்ணத்தில் ஊற்றினார். பாதரசப் பரப்பு மட்டமான கண்ணாடி. வானிலுள்ள நட்சத்திரத்துக்கும் அதில் தெரியும் பிம்பத்துக்கும் இடையிலுள்ள கோணத்தை செக்ஸ்டன்ட் கருவியால் அளந்து, பாதியாக்கினால் நட்சத்திரத்தின் உயரக் கோணம் கிடைத்துவிடும். இதையெல்லாம் இரவில், கடுங்குளிரில், யார் கண்ணிலும் படாமல் செய்ய வேண்டும்.

1866 ஜனவரியில் லாசாவை அடைந்தார். அனுமதியின்றி வந்த ஒருவர் தலை வெட்டப்பட்டதை அங்கே நேரில் கண்டார். அதன்பின் வெளியே தலைகாட்டுவதையே குறைத்துக்கொண்டார். காஷ்மீர வணிகர் இருவர் அவரை அடையாளம் கண்டுகொண்டும் காட்டிக்கொடுக்கவில்லை, கடனும் கொடுத்தார்கள்! ஏறக்குறைய 1,200 மைல், 25 லட்சம் காலடி நடந்து திரும்பினார். அவர் குறித்த லாசாவின் அட்சரேகை இன்றைய மதிப்புக்கு மிக அருகில் இருக்கிறது. (நீங்களும் மைதானத்தில் 100 காலடி நடந்து, நாடாவால் அளந்து, மறுபடி நடந்து பாருங்கள். அவர் அருமை தெரியும்.) 1877-ல் லண்டன் ராயல் புவியியல் கழகம் அவருக்குத் தங்கப்பதக்கம் வழங்கியது.

ஆனால் இந்த அளவுகள் புத்தகத்தோடு நிற்கவில்லை. 1904-ல் யங்ஹஸ்பண்ட் தலைமையில் பிரிட்டிஷ் படை லாசாவுக்குள் புகுந்தது. வழியில் நூற்றுக்கணக்கான திபெத்தியர் சுடப்பட்டு மாண்டனர். இத்தகைய ஒற்றர்கள் நடந்து சேர்த்த விவரங்கள் அப்படைக்கும் பயன்பட்டன.

பதக்கம் பெறாதவர்களும் உண்டு. திபெத்தின் சாங்போ ஆறுதான் பிரம்மபுத்திராவா என்று அறிய, எழுத்தறியாத கிந்துப் என்பவர் 1880-ல் ஒரு லாமாவுடன் அனுப்பப்பட்டார். லாமாவோ அவரை அடிமையாக விற்றுவிட்டார். தப்பிய கிந்துப் ஊருக்கு ஓடிவிடவில்லை. 500 மரக்கட்டைகளை வெட்டி, அடையாளமிட்டு, நாளைக்கு 50 வீதம் ஆற்றில் விட்டார். கீழே அசாமில் கவனிக்க ஆளே இல்லை. அவர் அனுப்பிய கடிதம் உரியவரை எட்டவில்லை. நான்கு ஆண்டு கழித்துத் திரும்பி அவர் சொன்னதைப் பலர் நம்பவுமில்லை.

1913-ல் பெய்லி, மார்ஸ்ஹெட் என்ற இரு அதிகாரிகள் அதே ஆற்றின் வழியே சென்று பார்த்தார்கள். கிந்துப் சொன்னவை பெரும்பாலும் சரியாகவே இருந்தன. அவர் அப்போது டார்ஜிலிங்கில் தையற்காரராகப் பிழைத்துக்கொண்டிருந்தார்.