முதலில் கேட்க வேண்டியது

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் வத்திராயிருப்பை அடுத்துள்ள வ. புதுப்பட்டியாயினும், திருவில்லிபுத்தூர், இராசபாளையம் ஆயினும், நம் குடும்பங்களின் மன்றாட்டுகள் பெரும்பாலும் ஒரே வகையினவே. கண்மாய் நிறைய மழை வேண்டும். மகளுக்கு நல்ல வரன் அமைய வேண்டும். கடன் தீர வேண்டும். விடியுமுன் வேனில் ஏறிப் பட்டாசு ஆலைக்குச் செல்பவர்கள் மாலையில் நலமாக வீடு திரும்ப வேண்டும். இவற்றை அற்பமென்று எவரும் தள்ளிவிட இயலாது. 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை இப்பகுதி மக்கள் மறப்பார்களா?

ஆகவே, “உன் தேவையை மறந்து இறைவனின் மகிமையை நாடு” என்று வயிறு நிறைந்தவன் பசித்தவனுக்கு உபதேசிப்பது முறையன்று. நம் ஆண்டவரும் அவ்வாறு உபதேசிக்கவில்லை. நம் பெரியவர்கள் ‘பரலோக மந்திரம்’ என்று வழங்கிய செபத்தில் அன்றாட உணவுக்கு இடம் உண்டு. ஆனால் அது நான்காவது இடம். ஏழு மன்றாட்டுகளில் முதல் மூன்றும் தந்தையின் பெயர், தந்தையின் அரசு, தந்தையின் திருவுளம் ஆகியவற்றைப் பற்றியவை. அதன் பின்னரே நம் உணவும், பாவமும், சோதனையும், தீமையும் வருகின்றன. நாமோ வாயால் இவ்வரிசையில் சொல்லிவிட்டு, நெஞ்சில் நான்காவதிலிருந்து தொடங்குகிறோம்.

அவ்வாறு தொடங்கும் செபம் நாளடைவில் பேரமாகிவிடுகிறது. கேட்டது கிடைத்தால் ஆலயத்துக்கு மெழுகுதிரி, கிடைக்காவிடில் மனத்தாங்கல். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் “உன் விசுவாசம் போதாது” என்று கூறும் கொடுமைக்கும் இந்தப் பேரமே வேர். அத்தாயின் கண்ணீரைவிட அச்சொல்லே இறைவனின் பெயருக்கு இழுக்கு என்போம்.

நம் புகழ்ச்சியால் இறைவனின் மகிமை கூடுமா? கூடாது. திருப்பலியின் தொடக்கவுரைகளுள் ஒன்றே அதைத் தெளிவாக அறிக்கையிடுகிறது: நம் புகழுரைகள் இறைவனுக்கு எதையும் சேர்ப்பதில்லை; நம் மீட்புக்கே அவை பயன்படுகின்றன. கதிரவனுக்கு முன் சன்னலைத் திறப்பவன் கதிரவனுக்கு ஒளி கொடுப்பதில்லை. தன் வீட்டுக்கு அல்லவா கொடுக்கிறான்!

யோவான் நற்செய்தியின் பன்னிரண்டாம் அதிகாரத்தில் ஒரு காட்சி உண்டு. பாடுகளின் நேரம் நெருங்குகையில் இயேசுவின் உள்ளம் கலங்குகிறது. இந்நேரத்திலிருந்து தம்மைக் காப்பாற்றும்படி கேட்பதா என்று அவரே வினவுகிறார். பின்னர், தந்தையின் பெயர் மாட்சிமை பெறவேண்டும் என்றே மன்றாடுகிறார். கலக்கத்தை அவர் மறைக்கவில்லை. அதனை மன்றாட்டின் தலைப்பாக்கவும் இல்லை.

இதை நம் மண்ணில் வாழ்ந்து காட்டியவர் புனித அருளானந்தர். 1647இல் லிஸ்பனில் பிறந்த அவர், சிறுவனாய் இருக்கையில் கடும் நோயுற்றார். தாய் புனித சவேரியாரிடம் நேர்ந்துகொண்டார், பிள்ளை பிழைத்தான், நேர்ச்சையின்படி ஓராண்டு இயேசு சபையாரின் உடையை அணிந்திருந்தான். தாயின் கண்ணீர் மன்றாட்டு வீணாகவில்லை. ஆயினும் அப்பிள்ளை அவருக்கென்று நிலைக்கவில்லை. இறைவனின் மேலான மகிமையையே குறிக்கோளாகக் கொண்ட அச்சபையில் சேர்ந்து, 1673இல் இந்தியாவுக்குக் கப்பலேறினான்.

மறவ நாட்டில் தடியத்தேவர் நோயுற்றபோதும் இவ்வாறே நிகழ்ந்தது. அருளானந்தர் அனுப்பிய உபதேசியார் நற்செய்தியை வாசித்துச் செபிக்க, அவர் குணமடைந்தார், திருமுழுக்குக் கேட்டார். நோய் தீர்ந்த மகிழ்ச்சியோடு காரியம் முடியவில்லை. ஒரு மனைவியோடு மட்டுமே வாழவேண்டும் என்று அருளானந்தர் கூற, தேவர் ஏனைய மனைவியரை விலக்கினார். அவர்களுள் ஒருவர் கிழவன் சேதுபதியின் உறவினர். 1693ஆம் ஆண்டு சனவரி 8ஆம் நாள் அருளானந்தர் சிறைப்பட்டார்.

செல்வாக்குள்ள ஒருவரின் ஆதரவை இழக்காமலிருக்க, அந்த நிபந்தனையைச் சற்றுத் தளர்த்தியிருக்கலாமே என்று தோன்றும். நம்மில் பலர் தளர்த்தியிருப்போம். விலக்கப்பட்ட அப்பெண்ணின் துயரையும் எண்ணாமல் இவ்வரலாற்றைப் படித்தல் ஆகாது. சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில் அருளானந்தர், தாம் மரணத்துக்காகக் காத்திருப்பதையும், அதுவே தம் செபங்களின் நாட்டமாய் இருந்து வந்ததையும் குறிப்பிடுகிறார். பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் அவர் தலை வெட்டுண்டது.

நம் பங்குகளில் இதற்கு ஒரு பயிற்சிக்களம் ஏற்கெனவே உண்டு. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டுச் சட்டத்தின் வழியாக மீண்டும் கொணர்ந்த விசுவாசிகளின் மன்றாட்டே அது. முதலில் திருச்சபை, பின்னர் ஆள்வோரும் உலகமும், அடுத்துத் துன்புறுவோர், இறுதியில் நம் ஊர் என்பது அதன் வழக்கமான வரிசை. வீட்டில் இரவுச் செபத்தின்போதும் இவ்வரிசையைக் கைக்கொள்ளலாம். முதல் சில நிமிடங்கள் எதையும் கேளாது, இறைவனை அவர் இறைவனாய் இருப்பதற்காகவே புகழ்வோம். குழந்தைகள் இதில் நம்மைவிட விரைவாகத் தேர்ந்துவிடுவார்கள். பிறகு மழையைக் கேட்போம். வேனில் சென்றவர்களுக்காகக் கேட்போம். தந்தையின் திருவுளத்தை முதலில் கேட்டவன், ஆலையில் பாதுகாப்பு விதிகள் மீறப்படுவதைக் கண்டு வாளாவிருக்கவும் மாட்டான்.

ஓரியூருக்குத் திருப்பயணம் செல்வோர் இன்றும் அங்குள்ள செம்மணலைத் துணியில் முடிந்து வீட்டுக்குக் கொணர்கின்றனர். காய்ச்சலுக்கும், பிள்ளைப்பேற்றுக்கும், தீராத வழக்குக்கும் அதை நம்புகிறவர்கள் உண்டு. தாயின் நேர்ச்சையால் பிழைத்த அப்புனிதர் அவர்களைக் கடிந்துகொள்ளமாட்டார்.