டாண்டா, ‘மெட்ராஸ்’ ஆன கதை

போர் மூண்டுவிட்டால் கடலில் போகும் கப்பல்கள் கண்ணில் படாமல் தப்பிக்கத்தான் பார்க்கும். உடம்பெல்லாம் சாம்பல் வண்ணம். இரவில் ஒரு விளக்குகூட வெளியே தெரியாது. ஒரே ஒரு வகைக் கப்பல் மட்டும் வெள்ளை வெளேரென்று வண்ணம் பூசிக்கொண்டு, பக்கவாட்டில் பெரிய சிவப்புச் சிலுவையோடு, திருவிழா நாளில் சீரியல் செட் போட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம்போல ஜொலித்துக்கொண்டு போகும். அதுதான் மருத்துவமனைக் கப்பல். அப்படி ஒன்று சென்னை மாகாண மக்களின் நன்கொடையில், ‘மெட்ராஸ்’ என்ற பெயரிலேயே ஓடியிருக்கிறது.

1914 ஆகஸ்டில் பிரிட்டன் முதல் உலகப் போரில் இறங்கியது. செப்டம்பர் 22 இரவு, ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று குண்டு வீசி, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. எங்கோ நடந்த சண்டை வாசலுக்கே வந்துவிட்டது. கவர்னர் பென்ட்லண்ட் பிரபுவின் ஆதரவில் திரட்டப்பட்ட ‘மெட்ராஸ் போர் நிதி’, காயம்பட்ட சிப்பாய்களுக்காக ஒரு கப்பலையே மருத்துவமனையாக மாற்றித் தந்தது.

தேர்ந்தெடுத்த கப்பலின் பெயர் டாண்டா. பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனிக்காக 1914-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் கட்டப்பட்டது. சுமார் 7,000 டன். கல்கத்தாவிலிருந்து தூரக் கிழக்கு நாடுகளுக்கு ஆளும் சரக்கும் ஏற்றிப்போக வந்த புத்தம்புதுக் கப்பல். மருத்துவப் பொறுப்பை ஏற்றவர் எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையின் தலைவராக இருந்த லெப்டினன்ட் கர்னல் கிஃபார்ட். பிரசவம் பார்த்த டாக்டர் போர்க்காயம் பார்க்கக் கடலேறினார்.

பயணிகள் கப்பலை ஏன் எடுக்கிறார்கள்? ஒரு மருத்துவமனைக்கு வேண்டியதில் பாதி அதில் ஏற்கெனவே இருக்கிறது. நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சமைக்கும் அடுக்களை, குடிநீர்த் தொட்டி, மின்சாரம், துணி வெளுக்கும் இடம், டாக்டர்களும் நர்சுகளும் தங்க அறைகள். டெக் பயணிகள் பாய் விரித்துப் படுத்துப்போகும் நடுத்தளம் தடுப்பில்லாத நீண்ட கூடம். சாமான்களை அப்புறப்படுத்திக் கட்டில்களை வரிசையாகப் போட்டால் அதுவே வார்டு.

மீதிப் பாதிதான் கடினம். கப்பல் முன்னும் பின்னும் ஏறி இறங்கும்போது ஆட்டம் குறைவாக இருப்பது நடுப்பகுதியில். அதனால் அறுவைச் சிகிச்சை அறையையும், எலும்பு முறிந்தவர்களின் கட்டில்களையும் கூடுமானவரை அங்கே வைப்பார்கள். சில கட்டில்கள் சட்டத்திலிருந்து தொங்கும். கப்பல் ஒருபக்கம் சாய்ந்தாலும் படுத்திருப்பவர் சாயமாட்டார். ஸ்ட்ரெச்சரைச் செங்குத்துப் படியில் இறக்க முடியாது என்பதால் மின்தூக்கி வேண்டும். தொற்றுநோயாளிகளுக்குத் தனி இடம், எக்ஸ்ரே, கருவிகளைக் கொதிநீராவியில் சுத்தம் செய்யும் ஏற்பாடு, காற்றுக்கு மின்விசிறி எல்லாம் வேண்டும். இந்தியச் சிப்பாய்கள் ஏறும் கப்பலென்றால் இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனிச் சமையல்.

இந்தியப் படைகளின் பெரும் போர்க்களம் மெசபடோமியா, அதாவது இன்றைய இராக். அங்கே நோயாளிகளைக் கப்பலுக்குக் கொண்டு சேர்ப்பதே பெரும்பாடு. காயம்பட்டவர்கள் ஆற்றுப் படகுகளில் டைக்ரிஸ் வழியே பாஸ்ரா வரவேண்டும். அங்கிருந்து பம்பாய்க்குக் கடலில் ஏறத்தாழ ஆறு நாள்.

1915 இறுதியில் டெசிபான் சண்டையில் தோற்று வந்தவர்களை ஏற்றிய மெஜிதியா என்ற ஆற்றுப் படகு பாஸ்ராவை நெருங்கியது. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் வரேலா என்ற மருத்துவமனைக் கப்பலில் இருந்த மேஜர் கார்ட்டர், அந்தப் படகின் பக்கவாட்டில் கயிறுகள் தொங்குவதாகத்தான் முதலில் நினைத்தார். கிட்டே வந்ததும் தெரிந்தது, அது மலம். எழுந்து நகர முடியாமல் நாள்கணக்கில் நெருக்கியடித்துக் கிடந்தவர்களின் கழிவு வழிந்து காய்ந்திருந்தது. புகார் செய்த கார்ட்டரைக் கைதுசெய்வோம் என்று மேலதிகாரிகள் மிரட்டினார்கள். அவர் அசையவில்லை. விசாரணைக் கமிஷன் அமைந்து, அதன் அறிக்கை 1917-இல் வெளியானபோது, பிரிட்டிஷ் அரசின் இந்தியா மந்திரி ஆஸ்டன் சேம்பர்லின் பதவி விலகினார். வெள்ளைக் கப்பல் கடைசிக் கண்ணி மட்டுமே. அதுவரை வரும் வழி சரியில்லையென்றால் அதில் எத்தனை கட்டில் இருந்தும் பயனில்லை.

சரி, எதிரி ஏன் இந்தக் கப்பலைச் சுடக்கூடாது? 1907-ஆம் ஆண்டின் ஹேக் ஒப்பந்தம் அப்படிச் சொல்கிறது. கப்பலின் பெயரை எதிரிக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். வெள்ளை வண்ணத்தின் மேல் ஒன்றரை மீட்டர் அகலத்தில் பட்டை தீட்ட வேண்டும்: அரசுக் கப்பலுக்குப் பச்சை, தொண்டுச் சங்கங்களின் கப்பலுக்குச் சிவப்பு. படைவேலைக்குக் கப்பலைப் பயன்படுத்தக் கூடாது. எதிரி ஏறிச் சோதிக்க வந்தால் தடுக்கக் கூடாது. எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும் காயம்பட்டவனுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும்.

இந்த வாக்கு எல்லா நேரமும் காப்பாற்றப்படவில்லை. 1918 ஜூன் 27 அன்று லாண்டோவரி காசில் என்ற கனடிய மருத்துவமனைக் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்தது. 234 பேர் இறந்தார்கள். இரண்டாம் உலகப் போரில், 1941 ஏப்ரலில், வீட்டா என்ற மருத்துவமனைக் கப்பல் டோப்ருக் அருகே விமானக் குண்டுக்கு இலக்கானது. அதுவும் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் பயணிகள் கப்பல்தான்.

ஆனால் அதே வீட்டா, பழுது பார்க்கப்பட்டு, 1942 ஏப்ரல் 9 அன்று இலங்கையின் மட்டக்களப்புக் கடலில் போய்க்கொண்டிருந்தது. ஜப்பானிய விமானங்கள் அன்று ஹெர்மிஸ் என்ற விமானம்தாங்கிக் கப்பலைத் தாக்கி மூழ்கடித்தன. 307 பேர் மாண்டார்கள். வீட்டாவை அவை தொடவில்லை. தண்ணீரில் தத்தளித்த சுமார் 600 பேரை அது தூக்கியெடுத்துக் கொழும்பில் கொண்டு சேர்த்தது.

டாண்டாவின் கதை வேறு. முதல் போர் முடிந்ததும் வெள்ளை வண்ணத்தைக் களைந்து, பழைய பெயரோடு பழைய தொழிலுக்கே திரும்பியது. பிறகு வேறொரு கம்பெனிக்குக் கைமாறி ஆஸ்திரேலியப் பாதையில் ஓடியது. 1944 ஜூலை 15, கொழும்பிலிருந்து பம்பாய் போகும் வழியில், மங்களூருக்கு அப்பால் யு-181 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி அதை டார்பிடோவால் அடித்து மூழ்கடித்தது. 19 பேர் இறந்தார்கள். இம்முறை அது மருத்துவமனைக் கப்பல் இல்லை. சட்டம் அதைக் காக்கவும் இல்லை.

1949-இன் ஜெனீவா ஒப்பந்தம் இந்த விதிகளைப் புதுப்பித்து இன்றும் வைத்திருக்கிறது. சிவப்புச் சிலுவைச் சின்னத்தைக் கண்டவர்கள் போனவர்கள் எல்லாம் போட்டுக்கொண்டால், வேண்டிய நேரத்தில் அதை நம்ப ஆளிருக்காது. அதனால்தான் இந்தியாவின் 1960-ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தச் சட்டம், அனுமதியில்லாமல் வெள்ளையில் சிவப்புச் சிலுவை போடுவதைக் குற்றமாக்கியிருக்கிறது. நம் ஊர் மருந்துக்கடைப் பலகையிலும் டாக்டர் கார் கண்ணாடியிலும் அந்தச் சின்னம் இருந்தால், அழித்துவிடச் சொல்லுங்கள்.