நிறம் காட்டும் செறிவும் உயிரணுவின் சக்தியும்

திருவனந்தபுரம் மாவட்டத்துப் போனக்காடு தேயிலைத் தோட்டத்தால் பெயர்பெற்ற மலையூர். தேயிலைச் சாற்றில் நீரை ஊற்ற ஊற்ற நிறம் வெளிறும் என்பதை அங்குள்ள சிறுவரும் அறிவர். கரைந்த பொருள் குறையவில்லை. கரைசலின் கன அளவே பெருகியது. குறிப்பிட்ட கன அளவுள்ள கரைசலில் எவ்வளவு பொருள் கரைந்துள்ளது என்பதே செறிவு எனப்படும்.

குளுக்கோஸின் மூலக்கூறு எடை 180. எனவே 180 கிராம் குளுக்கோஸைச் சிறிது நீரில் கரைத்து, பின்னர் நீர் சேர்த்துக் கரைசலை 1 லிட்டராக்கினால், செறிவு லிட்டருக்கு 1 மோல் ஆகும். 1 லிட்டர் நீரிலேயே அதனை இட்டால் கரைசல் 1 லிட்டரை மிஞ்சும், செறிவு குறையும். மாணாக்கர் பெரிதும் தவறும் இடம் இதுவே.

நிறத்தால் செறிவை அளக்கும் வழி, உயிரணுவின் சக்தியை அறியவும் உதவிற்று. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாபிரகத சுப்பாராவும் ஹார்வர்டைச் சேர்ந்த சைரஸ் ஃபிஸ்கும் 1925-இல் ஒரு முறையை வெளியிட்டனர். அமிலங் கலந்த பாஸ்பேட் கரைசலில் மாலிப்டேட்டையும் தகுந்த ஒடுக்கியையும் சேர்த்தால் நீலநிறம் தோன்றும். பாஸ்பேட் மிகுந்தால் நீலமும் மிகும். செறிவு தெரிந்த கரைசலின் நீலத்தோடு ஒப்பிட்டு அளவு கணிக்கப்பெறும். தசையை ஆராய்ந்த அவ்விருவரும் 1929-இல் அடினோசின் டிரைபாஸ்பேட்டைக் கண்டறிந்து அறிவித்தனர். அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமனும் அதனைக் கண்டறிந்தார்.

உணவினின்று பெறும் சக்தியைக் கொண்டு உயிரணு இப்பொருளை ஆக்குகிறது. இது நீருடன் வினைபுரிந்து ஒரு பாஸ்பேட்டை இழக்கையில் வெளிப்படும் சக்தியே தசையைச் சுருங்கச் செய்கிறது.

ஆசிரியர்கள் தேயிலைச் சாற்றை 2, 4, 8 மடங்காக நீர்த்து, ஒரே அகலமுள்ள கண்ணாடிக் குவளைகளில் வரிசையாக வைத்து, செறிவு அறியாத ஒன்றை அவற்றோடு ஒப்பிடச் செய்யலாம். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டுவதில்லை.