லான்ட்மாஸ்டருக்கு கியர் ஒயில் நாமே மாற்றலாம்

காலபோக உழவு முடிந்த கையோடு நெடுங்கேணிப் பக்கம் எந்த வளவை எட்டிப் பார்த்தாலும், சேறு காய்ந்தபடி ஒரு லான்ட்மாஸ்டர் மரத்தின் கீழ் நிற்கும். லான்ட்மாஸ்டர் என்பது முன்னொரு காலத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு கம்பனியின் பெயர். இன்று குபோட்டாவாக இருந்தாலென்ன, சீனாவில் செய்ததாக இருந்தாலென்ன, இரண்டு சில்லும் நீண்ட கைபிடியும் உள்ள எதுவும் எமக்கு லான்ட்மாஸ்டர்தான்.

எமது குடும்பங்களுக்கு இது வெறும் கலப்பை அன்று. 1997 இல் ஜயசிக்குறு படை நடவடிக்கையின்போதும், 2008 இலும் எமது சட்டி பானை, கூரைத் தகரம், நடக்க முடியாத முதியவர்கள் எல்லாம் இதன் பெட்டியில்தான் ஏறினார்கள். பலரது இயந்திரங்கள் 2009 இல் முள்ளிவாய்க்காலோடு போயின. மீள்குடியேறிய பின்னர் கடன்பட்டும் நகை விற்றும் வாங்கியவை பல. அவற்றில் எத்தனையோ இன்று பெண் தலைமைத்துவக் குடும்பங்களின் கையில் இருக்கின்றன. ஓட்டுவதற்கு ஒரு பொடியனைக் கூலிக்குப் பிடிக்கலாம். ஆனால் அந்தப் பொடியன் இயந்திரத்தின் வயிற்றைத் திறந்து பார்ப்பான் என்று எதிர்பார்க்க முடியாது. இயந்திரம் அவனுடையதல்லவே!

எஞ்சினுக்கு ஒயில் மாற்ற வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். கியர்ப் பெட்டிக்குள் வேறொரு ஒயில் இருக்கிறது என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். எஞ்சினின் வேகத்தை பெல்ற் வாங்கிக் கிளச்சுக்குக் கொடுக்க, அங்கிருந்து பற்சில்லுகள் வழியாக அது சில்லுகளுக்குப் போகிறது. அந்தப் பற்கள் ஒன்றையொன்று மிகுந்த அழுத்தத்தோடு உரசுகின்றன. இடையில் மெல்லிய ஒயில் படை இல்லாவிட்டால் இரும்பு இரும்பைத் தின்னும். எஞ்சின் ஒயிலைப்போல இது புகைக்கரியால் கறுக்காது. ஆகவே பழுதாகிவிட்டது என்று கண்ணுக்குத் தெரிவதுமில்லை. கியர் இறுக்கமாக விழும்போதோ, உள்ளே முனகும் சத்தம் கேட்கும்போதோதான் நினைவு வரும். அப்போது பல வேளைகளில் காலம் கடந்திருக்கும். நாலு போத்தல் ஒயிலோடு முடிந்திருக்க வேண்டிய காரியம் ஒரு போகத்து நெல்லை விழுங்கிவிடும்.

எமது வயல்களில் இதன் பெரிய எதிரி தண்ணீர். இரும்புச் சில்லுப் பூட்டிச் சேற்றில் இறக்கும்போது அச்சு வரை தண்ணீருக்குள் நிற்கிறது. சூடான கியர்ப் பெட்டி குளத்து நீரில் திடீரெனக் குளிரும்போது உள்ளேயுள்ள காற்றுச் சுருங்கி, தேய்ந்த ஒயில் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீர் கலந்த ஒயில் பால் கோப்பி நிறமாக மாறும். இதனைக் கண்டுபிடிக்கச் செலவில்லாத வழி ஒன்றுண்டு. இரவு முழுவதும் ஆடாமல் நின்ற இயந்திரத்தை, காலையில் ஸ்டார்ட் பண்ணாமலே, அடியிலுள்ள வடிக்கும் நட்டைச் சற்றே தளர்த்திப் பாருங்கள். தண்ணீர் ஒயிலைவிடப் பாரமானது என்பதால் அடியில் இறங்கி நிற்கும். முதலில் சொட்டுவது அதுதான். சொட்டுவது ஒயிலாக இருந்தாலும், அது பால் நிறமாக இருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

மாற்றும் நாளில் பெட்டியையும் றொட்டரியையும் கழற்றிவிட்டு, மட்டமான நிலத்தில் ஸ்டான்டில் நிறுத்துங்கள். பத்து நிமிடம் ஓடவிட்டால் ஒயில் இளகி, அடியில் படிந்த தூளையும் சேர்த்துக்கொண்டு வடியும். பிறகு எஞ்சினை முற்றாக நிறுத்தி, சில்லுகளுக்கு இருபுறமும் கட்டை கொடுக்க வேண்டும். சேலைத் தலைப்பையும் சால்வையையும் இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள், கூந்தலை முடிந்துகொள்ளுங்கள். ஓடுகிற பெல்ற்றுக்கு ஆண், பெண் என்ற பேதம் தெரியாது.

அடுத்தது மிக முக்கியமானது. வடிக்கும் நட்டைத் தொட முன்னர், மேலே ஊற்றும் நட்டைக் கழற்றிப் பாருங்கள். பழைய இயந்திரங்களில் அது துருப்பிடித்து இறுகியிருக்கும். அதை அறியாமல் கீழால் முழுவதையும் வடித்துவிட்டால், ஊற்ற வழியில்லாமல் வெறும் பெட்டியோடு இயந்திரம் முற்றத்தில் நிற்கும். கராச்சுக்கு ஓட்டிச் செல்லவும் முடியாது. இறுகிய நட்டைச் சுற்றியுள்ள சேற்றைக் கம்பித் தூரிகையால் துடைத்து, சிறிது மண்ணெண்ணெய் விட்டு ஓரிரவு ஊறவிடலாம். அளவான ஸ்பனரைப் பாவியுங்கள். தலை வழுவிப்போன நட்டுத்தான் மெக்கானிக்கிடம் கொண்டுபோய் விடும்.

வடிந்த ஒயிலைப் பேசினில் ஏந்தி விரலால் தொட்டுப் பாருங்கள். மாவுபோல மினுங்கும் தூள் இருந்தால் அது வழமையான தேய்மானம். நகத்தளவு இரும்புத் துண்டு வந்தால் பல் உடைந்திருக்கிறது, நிச்சயம் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். தண்ணீர் கலந்திருந்தால் புது ஒயிலை விட்டுச் சிறிது நேரம் ஓட்டி, அதையும் வடித்து, மறுபடியும் நிரப்புவது நல்லது. மண்ணெண்ணெயால் கழுவுகிற பழக்கம் சிலரிடம் உண்டு. மூலைகளில் தேங்கும் மண்ணெண்ணெய் புது ஒயிலை ஐதாக்கிவிடும் என்பதால் எனக்கு அது உடன்பாடில்லை.

நட்டின் செம்பு வாசரைப் புதிதாக மாற்றி, முதலில் கையாலேயே சுற்றிப் பிடிக்கவிட்டு, பிறகு ஸ்பனரால் இறுக்குங்கள். எந்த ஒயில், எவ்வளவு என்பது இயந்திரத்தோடு வந்த கைநூலில் இருக்கும். கடைகளில் 90, 140 என்ற எண்களில் கேட்டு வாங்குவார்கள். எண் கூடினால் தடிப்புக் கூடும். ஒன்றிற்குப் பதிலாக மற்றதை விட முன்னர் கைநூலைப் பாருங்கள். திறந்த பீப்பாவிலிருந்து அளந்து ஊற்றுவதை வாங்காமல், முத்திரை உடையாத கானைக் கேளுங்கள். மட்டம் பார்க்கும் துளையால் ஒயில் எட்டிப் பார்க்கும் வரை ஊற்றினால் போதும். கூட ஊற்றினால் ஒயில் சூடாகி நுரைத்து, சீலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். பெட்டியின் மேலுள்ள சின்னக் காற்றுத் துளை சேற்றால் அடைபட்டிருந்தாலும் இதே வருத்தம்தான். கம்பியால் குத்தித் துப்புரவாக்கிவிடுங்கள். ஓட்டிப் பார்த்த பின் மட்டத்தை மீண்டும் ஒருமுறை பார்ப்பது அவசியம். றொட்டரியின் சங்கிலிப் பெட்டிக்கும் தனியாக ஒயில் உண்டு, அதனை மறக்க வேண்டாம்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1945 இல், பிரித்தானிய இளவரசி எலிசபெத் இராணுவ வாகனங்களை ஓட்டவும் திருத்தவும் பயிற்சி பெற்றார். 1952 முதல் 1972 வரை இலங்கைக்கும் அரசியாக இருந்தவர் அவரே. அரசிக்குச் சரியான வேலை எமக்குச் சரியில்லை என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

நாலு சில்லு உழவு இயந்திரம் வைத்திருப்போருக்கு ஒரு குறிப்பு. 2010 இல் இந்தியா வட மாகாண விவசாயிகளுக்கென 500 இயந்திரங்களை வழங்கியது. அதன் பிறகு எமது கிராமங்களில் இவற்றின் பாவனை கூடியுள்ளது. மசி பேர்கஸன் வகையில் கியர்ப் பெட்டிக்கும் பின் அச்சுக்கும் கலப்பையைத் தூக்கும் பகுதிக்கும் ஒரே ஒயில்தான். அதற்குள் தடித்த கியர் ஒயிலை ஊற்றினால் கலப்பை எழும்பாது. நான்கு சில்லும் இழுக்கும் வகையில் முன் அச்சின் நடுவிலும், பலவற்றில் இரு சில்லுத் தலைகளிலும் தனித்தனியாக ஒயில் உண்டு. டபிள் கப் வாகனங்களிலும் அப்படியே: கியர்ப் பெட்டி, அதற்குப் பின்னாலுள்ள பகிர்வுப் பெட்டி, முன் அச்சு, பின் அச்சு என நான்கு இடங்கள். பின் அச்சை மட்டும் பார்த்துவிட்டு எல்லாம் முடிந்ததென்று அனுப்புகிறவர்களும் உண்டு. எத்தனை இடம் என்று தெரிந்து கேட்டால் ஏமாற்ற முடியாது. இவ்வகை வாகனத்தின் கீழே ஜக்கை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள். அச்சுக்கு அடியில் உறுதியான ஸ்டான்ட் வேண்டும்.

மாற்றிய திகதியை மட்காட்டின் உட்பக்கத்தில் பெயின்றால் எழுதிவைத்தால் அடுத்த போகத்தில் கணக்குப் பார்க்க இலகு.

வடித்த கழிவு ஒயிலைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்ற வேண்டாம். குடிக்கிற தண்ணீருக்குள்தான் அது வந்து சேரும். வேலிக் கதியால் தவிர்ந்த, காய்ந்த மரத் தூண்களின் அடியில் கறையானுக்குப் பூசலாம். மிச்சத்தை மூடியுள்ள கானில் அடைத்துக் கராச்சில் கொடுத்துவிடுங்கள். சோடாப் போத்தலில் மட்டும் ஊற்றி வைக்காதீர்கள். மண்ணெண்ணெயைத் தண்ணீரென்று குடித்த பிள்ளைகளை நாம் அறிவோம். அப்படி ஒரு பிள்ளை ஒயிலையோ மண்ணெண்ணெயையோ குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், வாயைத் துடைத்து, அந்தப் போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.